அக்காவின் செவ்வாய்

செவ்வாய்க் கிரகத்தில் ஒரு சின்ன வண்டி இறங்கி ஓடிய அந்த வருடம், பினாங்கில் மற்றவர்கள் அந்தச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்து ஆச்சரியப்பட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அந்தக் கிரகத்தின் பெயர் பதின்மூன்று வருடமாக அடிபட்டுக்கொண்டிருந்தது. வண்டிதான் எங்களுக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது.

அக்காவுக்கு ஏழில் செவ்வாய். லக்னத்திலிருந்து எண்ணினால் ஏழாம் வீடு கணவனுடையது. அங்கே செவ்வாய் உட்கார்ந்திருந்தால் தாலி கட்டுகிறவன் தங்கமாட்டான் என்பது எங்கள் சனங்களின் கணக்கு. அதே தோஷம் உள்ள ஆணாகப் பார்த்துக் கட்டிவைத்தால் ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடுமாம். அப்படி ஓர் ஆணைத் தேடித்தான் அம்மாவின் வயதும் அக்காவின் வயதும் போய்க்கொண்டிருந்தன.

அப்பா இருந்தவரை எங்கள் இருவருக்கும் ஜாதகமே கிடையாது. துறைமுகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களில் பிள்ளைகளுக்குக் குறிப்பு எழுதாத ஒரே ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும். "பொறந்த நேரம் எதுக்கு? ஆபீசுக்குப் போற நேரம் தெரிஞ்சா போதும் லா" என்பார். அம்மா எங்கள் பிறந்த நேரங்களை மனதிலேயே முடிந்து வைத்திருந்தாள். அப்பா ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அதற்கு அடுத்த வருடம் அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஜோசியரிடம் போனாள்.

அவர் தமிழ்நாட்டுக்காரர். வருடத்துக்கு இரண்டு முறை வந்து பினாங்கு ஸ்திரீட் பக்கம் ஒரு ஹோட்டலின் மாடியறையில் தங்குவார். அந்தக் காலத்தில் இங்கே பாதித் தமிழர் வீட்டுக் கல்யாணங்கள் அந்த அறையில்தான் முடிவாகின. அம்மா பிறந்த நேரத்தைச் சொன்னாள். அவர் பஞ்சாங்கத்தைப் பிரித்து, விரல்விட்டு, "ரெண்டரை மணி நேரத்தக் கழிச்சா ஊர் நேரம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கட்டம் போட்டார். இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம் என்பது மலேசியாவில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அக்காவுக்கு ஏழில் செவ்வாய் என்றார். எனக்கு எழுதியது சுத்த ஜாதகம். ஒரு குறை சொல்லமுடியாதாம். அந்தச் சுத்த ஜாதகத்தை இன்னொரு சுத்த ஜாதகத்தோடு சேர்த்து, மூத்தவள் வீட்டில் இருக்கும்போதே, என்னை ஈப்போவில் கட்டிக்கொடுத்தார்கள். நான்காம் வருடம் பெட்டியும் கையுமாக ஜார்ஜ்டவுனுக்குத் திரும்பி வந்துவிட்டேன். அந்தக் கதையை இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு அவ்வளவு மரியாதை கொடுக்க எனக்கு மனமில்லை.

அக்கா செவ்வாய்க்கிழமை தோறும் விரதம் இருந்தாள். பகல் முழுதும் பச்சைத் தண்ணீர், வேலை முடிந்து தண்ணீர்மலைப் படியேறி முருகனுக்குச் செவ்வரளி மாலை, இரவில் ஒருவேளைச் சாப்பாடு. அவள் கெலுகோரில் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தாள். அங்கே கேன்டீனில் மாக்சிக் என்று எல்லாரும் கூப்பிட்ட மலாய்க்கார அம்மாவுக்குக்கூட அவள் கிழமை மனப்பாடம். செவ்வாய்க்கிழமை அவளைப் பார்த்ததும் "புவாசா லாகி?" என்று, மறுபடியும் விரதமா எனக் கேட்டுவிட்டு, உனக்கு ரம்சான் வருடம் முழுக்க வருகிறதே என்று சிரிப்பாள். அக்காவும் சிரிப்பாள். விரதத்தைப் பற்றி அவள் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. வீட்டில் அவளுக்கும் சேர்த்து முணுமுணுக்க நான் இருந்தேன்.

மாப்பிள்ளைகள் வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். ஜாதகத்தைக் கேட்டார்கள். அப்புறம் அவர்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும், அல்லது மாப்பிள்ளைக்குத் திடீரென்று மேல்படிப்பு ஆசை வந்துவிடும். முப்பது தாண்டியதும் கேசரிக்குக்கூட ஆள் வரவில்லை.

அந்த ஜூலையில்தான் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து அந்த இடம் வந்தது. மாப்பிள்ளையும் எங்களைப் போலவே யாழ்ப்பாணத்து வம்சம். அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்தவர். இவர் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். நாற்பது வயது. கல்யாணமாகி இரண்டே வருடத்தில் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை இல்லை. அம்மாவும் மகனுமாக இருந்தார்கள்.

பெண் பார்க்க வந்த அன்று அவர் அம்மாவுக்கு அக்காவை நிரம்பப் பிடித்துவிட்டது. அக்காவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். ஏழில் செவ்வாய் என்று அம்மா மறைக்காமல் சொன்னதும், பிடித்த கையை மெதுவாக விட்டார்.

"ஏற்கெனவே ஒருத்தி போயிட்டா. எனக்கு இருக்கிறது இவன் ஒருத்தன்தான்" என்றார். கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

மாப்பிள்ளை மட்டும் எழுந்துபோகவில்லை. அம்மாவைப் பார்த்து, "எனக்கு இதுலலாம் நம்பிக்கை இல்ல ஆன்ட்டி. அம்மாவ நான் சரிபண்ணிக்கிறேன். கொஞ்சம் டைம் குடுங்க" என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது அக்காவிடம், "உங்க ஆபீஸ்ல இன்டர்நெட் இருக்காமே? செவ்வாய்ல இறங்கின வண்டியோட படமெல்லாம் அதுல வருதாம். பாக்கலாமா?" என்று கேட்டார். பெண் பார்க்க வந்தவர்களில் அக்காவிடம் நேரே கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அதிலிருந்து சனிக்கிழமை தோறும் வந்தார். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி, மோட்டார் சைக்கிளில் கெலுகோருக்கு. சனிக்கிழமை அரை நாள் வேலை என்பதால் மதியத்துக்கு மேல் கம்ப்யூட்டர் அறை காலியாக இருக்கும். "நீயும் போ பிள்ளை. பாக்கிறவங்க நாலு விதமா பேசுவாங்க" என்று அம்மா என்னையும் அனுப்பிவைத்தாள். முப்பத்தாறு வயதுக்காரிக்கு, புருஷனை விட்டு வந்தவள் காவல். எனக்கே சிரிப்பாக இருந்தது.

ஒரு படம் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். மேலிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கும். முதலில் வெளிறிய செம்மண் நிறத்தில் வானம், பிறகு இரண்டு குன்றுகள், பிறகு கற்கள், கற்கள், கடைசியில் அந்த வண்டி. மைக்ரோவேவ் அடுப்பு அளவுதான் இருக்கும். ஆறு சக்கரம். முதுகில் சூரிய வெளிச்சத்தை வாங்கும் பலகை. தாய்க்கலம் ஒன்று காற்றுப் பைகளைக் கட்டிக்கொண்டு விழுந்து, துள்ளித் துள்ளி உருண்டு நின்று, இதழ் விரித்து இதை வெளியே விட்டிருந்தது. எறும்பு வேகத்தில் போய் ஒவ்வொரு கல்லாக மூக்கை வைத்துப் பார்க்கும்.

"இங்கேருந்து 'போ'ன்னு சொன்னா அது கேக்கவே பத்து நிமிஷத்துக்கு மேல ஆகும், மிஸ். பதிலுக்கு இன்னொரு பத்து நிமிஷம். அதனால ஒரு நாளைக்கு வேண்டியத மொத்தமா சொல்லிட்டு, என்ன ஆச்சோன்னு காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றார் அவர். அக்காவை அவர் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்.

"காத்துக்கிட்டு இருக்கிறது எங்களுக்குப் புதுசா?" என்றாள் அக்கா.

அவர் திரையைத் தொட்டுக் காட்டினார். "பாருங்க உங்க கிரகத்த. கல்லும் மண்ணும்தான். இதுக்கா இத்தன வருஷம் பசியா கெடந்தீங்க?"

அக்கா சிரித்தாள். வாயைப் பொத்தாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். என் அக்காவுக்கு அப்படி ஒரு சிரிப்பு உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். காவலுக்கு வந்தவள் அழுவது நன்றாக இருக்காது.

அக்கா கலர் பிரின்டரில் படங்களை எடுத்துக் கொடுப்பாள். சிவப்பும் மஞ்சளுமாகக் குடித்து அந்தப் பிரின்டர் மையைத் தீர்த்துக்கொண்டே இருந்தது. அவள் தன் செலவில் மை வாங்கிப் போட்டாள். அவர் ஒரு படத்தை மடிக்காமல் சட்டைக்குள் வைத்து எடுத்துப்போய்த் தன் அம்மாவிடம் காட்டினாராம். "பாருங்கம்மா, செவ்வாய் மேல ஒரு வண்டியே ஓடுது. அதுக்கு ஒண்ணும் ஆகல."

"அது ஓடட்டும் தம்பி. அது இரும்பு. அதுக்கென்ன கல்யாணமா ஆகப்போகுது?" என்றாராம் அவர் அம்மா.

இதை அவர் அப்படியே நடித்துக் காட்டியபோது நாங்கள் மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனாலும் அந்த அம்மா மசியவில்லை. அக்கா எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமையே சேலையை இஸ்திரி போட்டு வைப்பாள். வயது போனவளுக்கு ஆசை வந்தால் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம். எங்கே கைநழுவிப் போகுமோ என்று நான் சனிக்கிழமை தோறும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை பாடாங் கோத்தாக் கடற்கரையில் மூவரும் பசெம்பூர், பொரித்த மாவு உருண்டையும் காய்கறியும் இனிப்புக் குழம்போடு, சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் வண்டியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். செவ்வாயில் ஒரு பகலும் இரவும் சேர்ந்தால் நம்முடைய நாளைவிட அரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாம். வண்டியை ஓட்டுகிறவர்கள் அந்த நாளோடு போகவேண்டியிருப்பதால், அவர்கள் வேலைக்கு வரும் நேரம் தினமும் தள்ளிக்கொண்டே போகிறதாம்.

"நாமளும் ஒரு தடவ அரை மணி நேரத்த முழுங்கினோமே, ஞாபகம் இருக்கா? எண்பத்திரண்டு பொறந்தப்ப" என்றார்.

யாருக்கு மறக்கும். கிழக்கு மலேசியாவின் சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கவேண்டும் என்று நாடு முழுதும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தார்கள். புதுவருடம் அவசரப்பட்டுப் பிறந்துவிட்டது என்று அப்பா கேலி செய்தார்.

"அப்பாவுக்குத்தான் கஷ்டம்" என்றாள் அக்கா, மாவு உருண்டையைக் குழம்பில் தோய்த்தபடி. "ரேடியோல இந்தியச் செய்தி கேப்பார். அதுவரைக்கும் ரெண்டு மணி நேரம் கழிச்சா போதும். அப்புறம் ரெண்டரை கழிக்கணும். பாவம், ரொம்ப நாளைக்குத் தப்பு தப்பாத்தான் ரேடியோவப் போட்டார்."

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"மிஸ், உங்களுக்கு ஜாதகம் எப்ப எழுதினாங்க?"

"அப்பா போன அடுத்த வருஷம். எண்பத்தி நாலு."

"எவ்வளவு கழிச்சார்?"

நான் சொன்னேன். எனக்கு அந்தக் குரல் அப்படியே காதில் இருந்தது. ரெண்டரை மணி நேரத்தக் கழிச்சா ஊர் நேரம்.

அக்கா பிறந்தபோது வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். அரை மணி நேரத்தைக் கூடுதலாகக் கழித்து, அவள் பிறப்பதற்கு அரை மணி முன்னாலிருந்த வானத்தை அவள் தலையில் எழுதியிருந்தார் அந்த மனிதர். அரை மணியில் லக்னமே மாறலாம். பதின்மூன்று வருடச் செவ்வாய்க்கிழமைகள். அக்கா கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து நின்று, வேட்டியில் நெருப்புப் பிடித்தவர் மாதிரி, "ஜோசியர் இப்ப வந்திருக்காரா? இங்கேதானே தங்குவார்?" என்று கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஜோசியர் அந்த மாதக் கடைசியில் வந்தார். அதே ஹோட்டல், அதே மாடியறை. அம்மா, அக்கா, நான், அவர், அவர் அம்மா என ஐந்து பேர் அந்தச் சின்ன அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். ஜோசியருக்கு முடியெல்லாம் கொட்டி, கண்ணாடி தடித்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"நான் ஊர்லேருந்து வர்றவன்மா. நீங்க இங்க கடிகாரத்த மாத்தினத எங்கிட்ட யார் சொன்னா?"

அவரை நாலு கேள்வி நறுக்கென்று கேட்கவேண்டும் என்று ஒரு வாரமாக மனதில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். இதைக் கேட்டதும் நாலும் வீணாகிவிட்டன. யாரும் சொல்லவில்லைதான். நாங்களே மறந்துபோனதை அவர் எப்படிக் கண்டார்.

ஜோசியர் பழைய பஞ்சாங்கத்தை எடுத்தார். இரண்டு மணி நேரத்தைக் கழித்தார். எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"லக்னம் அடுத்த ராசிக்குப் போயிடுது. செவ்வாய் ஏழுல இல்ல. ஆறுல இருக்கு" என்றார். "தோஷம் இல்ல."

அம்மா ஐயோ என்று ஒரு சத்தம் போட்டாள். சந்தோஷத்தில் போட்டாளா வயிறெரிந்து போட்டாளா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் அம்மா எழுந்து வந்து அக்காவின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தார். "என் வீட்டுக்கு வந்திரும்மா" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை அந்த அம்மா கையை விடவில்லை.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். பாதி எழுந்தும்விட்டோம்.

மாப்பிள்ளைதான், "சாமி, எனக்கும் நீங்கதான் எழுதினீங்க. எனக்குப் பொண்ணு தேடினப்ப, எண்பத்தி ஏழுல. அதையும் திருத்திருங்க" என்றார்.

"உனக்கு எதுக்குடா இப்ப?" என்றார் அவர் அம்மா.

"ஃபேக்டரில ஒரு மீட்டர் தப்புன்னு தெரிஞ்சா, அதுல எடுத்த அளவு எல்லாத்தையும்தான் திருத்துவோம்மா. ஒண்ண மட்டும் திருத்திட்டு மத்தத விட்டா அது வேலையே இல்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அக்காவைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டக்கூடச் செய்தார்.

ஜோசியர் எழுதினார். இந்தத் தடவை அடிக்கவில்லை. எழுதி முடித்துவிட்டுக் காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பாமல் தன் பக்கமே வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க சாமி."

"ஒன்பதுல இருந்த செவ்வாய் எட்டுக்கு வந்திருச்சு தம்பி."

எட்டு என்றால் என்ன என்று அந்த அறையில் யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. ஏழைவிடப் பொல்லாதது என்று எங்கள் சனங்கள் பயப்படுவது எட்டுக்குத்தான். கட்டிக்கொண்டவளை வாரிக்கொண்டு போய்விடும் என்பார்கள். சிமிட்டிய கண் அப்படியே நின்றுபோனது. அவர் ஜோசியரையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. யாரிடம் என்றில்லாமல், "அப்ப அவ..." என்றார். முடிக்கவில்லை. முதல் மனைவியைச் சொல்கிறார் என்று புரிந்ததும் அவர் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

மாடிப்படி இறங்கும்போதே அம்மா என் காதில் முடிவைச் சொல்லிவிட்டாள். "தெரிஞ்சே என் பிள்ளையைக் குடுக்க ஏலாது."

வீட்டுக்கு வந்து நான் கத்தினேன். கட்டிடமே அதிரக் கத்தினேன். "பதிமூணு வருஷமா எல்லாரும் நமக்கு இதத்தானே செஞ்சாங்க? அதே கையால நீங்க இப்ப அவங்களுக்குச் செய்றீங்களே! காலையில வரைக்கும் எப்படியாவது கட்டிக்கட்டும்னு முருகன்கிட்ட அழுதீங்களே!"

"அது வேற" என்றாள் அம்மா. "அப்ப போறது அவங்க பிள்ளை. இப்ப போறது என் பிள்ளை."

அதைச் சொல்லிவிட்டு அம்மாவே திடுக்கிட்டுப்போய் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை. அக்கா அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் அம்மாவோடு ஒரு வார்த்தை வாதாடவில்லை. முப்பத்தாறு வயது, சொந்தச் சம்பளம், பதிவுத் திருமணம் செய்ய யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. அவர் வரட்டும் என்று காத்திருந்தாள். அந்த வாரச் செவ்வாய்க்கிழமை பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கேன்டீனில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். மாக்சிக் கையைத் தட்டி, அவளுக்கு ஒரு முட்டை சும்மா வைத்தாளாம்.

இரண்டு சனிக்கிழமை அவர் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார். அது சுமத்ராக் காட்டுப் புகை வந்து ஊரையே மூடியிருந்த செப்டம்பர். ஃபெரிகள் ஒன்றையொன்று பார்க்கமுடியாமல் சங்கை ஊதிக்கொண்டே வந்தன. பகல் மூன்று மணிக்கு வானம் அந்தப் படங்களில் இருந்த நிறத்தில் இருந்தது. முகமூடியைக் கழற்றியபோதுதான் அவர் எவ்வளவு இளைத்துவிட்டார் என்று தெரிந்தது.

நான் வெளியே போக எழுந்தேன். "இரு தங்கச்சி" என்றார். நான் கதவோரம் நின்றேன்.

"அவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒண்ணுமில்ல, சாதாரணக் காய்ச்சல்னுதான் டாக்டர் சொன்னார். மூணாம் நாள் போயிட்டா. ஏன் போனான்னு இத்தன வருஷமா எனக்குப் புரியல, மிஸ். இப்பத்தான் புரியுது."

"காய்ச்சல்ல போனாங்க" என்றாள் அக்கா. "நீங்கதானே சொன்னீங்க, அங்க கல்லும் மண்ணும்தான்னு. நம்பிக்கை இல்லன்னு சொன்னீங்களே."

"என்னோடது வர்ற வரைக்கும் இல்ல."

அக்கா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். பிறகு, "என் உயிர்தானே. நான் பாத்துக்கிறேன். நான் பயப்படல" என்றாள். என் அக்கா ஓர் ஆணிடம் தனக்காகக் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"நீங்க பயப்படமாட்டீங்க. நீங்க ஒரு தடவ தும்மினா நான் விடிய விடிய உக்காந்திருப்பேன். அது குடும்பமா மிஸ்?" என்றார். முகமூடியைக் கையில் கசக்கினார். "தெரியாமலே ஒருத்தியக் கொன்னுட்டேன். தெரிஞ்சு இன்னொருத்திய முடியாது."

எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. அந்த அறையில் இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் தூக்கி வெளியே எறியவேண்டும் போல இருந்தது. அம்மாவின் பயத்தோடு சண்டை போடலாம். இவர் அக்காமேல் வைத்த ஆசையே பயமாகி எதிரே நிற்கும்போது அக்கா எதோடு சண்டை போடுவாள்? அவர் அன்று படம் எதுவும் கேட்கவில்லை. அக்கா எடுத்து வைத்திருந்த ஒன்றை மட்டும் உறையில் போட்டுக் கையில் கொடுத்தாள். மோட்டார் சைக்கிள் புகைக்குள் போன பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

அந்த மாதக் கடைசியில் செவ்வாயிலிருந்தும் பதில் நின்றுவிட்டது. ஒரு வாரம் ஓடினால் போதும் என்று செய்த வண்டி, கிட்டத்தட்ட மூன்று மாதம் ஓடியிருந்தது. இப்போது கூப்பிட்டுப் பார்த்தார்கள், பேச்சு மூச்சு இல்லை. அக்கா தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து படிப்பாள். வண்டிக்கு நேரே பூமியோடு பேசத் தெரியாதாம். எது சொன்னாலும் தாய்க்கலத்திடம் சொல்லி, தாய்க்கலம்தான் நமக்குச் சொல்லவேண்டும். தாய்க்கலத்தின் பேட்டரி போயிருக்கும் என்றார்கள்.

"அப்ப வண்டி?" என்று கேட்டேன்.

"வண்டி நல்லாத்தான் இருக்கும். கொஞ்ச நாள் ஒண்ணும் சத்தம் வரலன்னா, திரும்பிப் போய்த் தாய்க்கலத்தச் சுத்திச் சுத்தி வரணும்னு அதுக்குச் சொல்லி வச்சிருக்காங்களாம். இப்ப சுத்திக்கிட்டு இருக்கோ என்னவோ. யாருக்கும் தெரியாது" என்றாள். கண் திரையிலேயே இருந்தது. நான் அவள் முதுகில் கையை வைத்தேன். எலும்பு தட்டுப்பட்டது.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அம்மா இடியப்பமும் சொதியும் செய்திருந்தாள். தோஷம் கழிந்த மகளுக்குச் செவ்வாய்க்கிழமை தன் கையால் பரிமாறவேண்டும் என்று அம்மாவுக்கு ஒரு ஆசை. நடந்ததற்கெல்லாம் அவளுக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான். அக்கா குளித்துவிட்டு, விபூதி பூசி, வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பையை எடுத்தாள். கையில் செவ்வரளி மாலை இருந்தது.

"என்ன பிள்ளை இது? உனக்குத்தான் ஒண்ணுமில்லன்னு ஆயிட்டுதே. சாப்பிடு" என்றாள் அம்மா.

"எனக்கில்லம்மா."

அம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான். அக்கா செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள். "அவருக்குத் தனியா இருக்க முடியாது. இன்னைக்கு இல்லாட்டியும் என்னைக்காவது யாரையாவது கட்டிப்பார். வர்றவளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது."

அம்மா தட்டோடு அப்படியே நின்றாள். நான் வாசல்வரை ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உனக்குப் பைத்தியமா? கல்லும் மண்ணும்னு தெரிஞ்சுமா? நீயும் இத நம்புறியா?"

"நான் நம்பல" என்றாள் அக்கா. "அவர் நம்புறாரே."